நாய் உங்களை நம்புகிறதா? வடசென்னையில் முதல்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு

"நான் ஒரு சத்தம் போட்டால் போதும், அப்படியே படுத்துவிடும்" என்று தன் நாயைப் பற்றிப் பெருமை பேசுபவரை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அவர் சத்தம் போடும்போது நாயைக் கவனியுங்கள். காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வால் காலிடுக்கில் போய்விடும். பார்வை ஓரமாகத் திரும்பும். நாய் தன்னை மதிப்பதாக அவர் நினைக்கிறார். அதுவோ அடுத்து என்ன விழப்போகிறதோ என்று பயந்து கிடக்கிறது.

முதல்முறையாக ஒரு குட்டியையோ, தெருவிலிருந்து எடுத்த வளர்ந்த நாயையோ வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாசத்துக்குக் குறைவே இல்லாத வீடுகளிலும் நாய் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடப்பது உண்டு. அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே தெரியும்போதுதான் நாய் உங்களை நம்பத் தொடங்கும். கண்டெய்னர் லாரி எப்போது ஹாரன் அடிக்கும், கோயில் ஒலிபெருக்கி எப்போது அலறும், சவ ஊர்வலம் எந்த முனையில் திரும்பும் என்பதெல்லாம் வடசென்னை நாய்க்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களாவது அதற்குப் புரியும்படி நடந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான்.

முதல் படி: தொடுவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள்

வால் ஆடினால் நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்பது பாதி உண்மை. உடம்பு முழுவதும் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து வளைந்து வளைந்து ஆடினால் அது மகிழ்ச்சி. உடம்பு விறைப்பாக இருந்து, வால் மட்டும் உயரத் தூக்கியபடி படபடவென்று ஆடினால் நாய் பதற்றத்தில் இருக்கிறது, கை நீட்டாதீர்கள். வாலைத் தாழ்த்தி, நுனியை மட்டும் ஆட்டினால் "என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்று கேட்கிறது.

பயத்தின் சின்ன அறிகுறிகள்தாம் புதியவர்களின் கண்ணில் படுவதில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடு எதுவும் இல்லாமல் நாக்கால் மூக்கை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை மட்டும் பிறை போலத் தெரிவது, நனையாமலேயே உடம்பை உதறுவது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது. குழந்தை நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் புகைப்படங்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். குழந்தை சிரிக்கும், நாயின் கண்ணில் பிறை தெரியும்.

இன்னொன்று, "தப்பு செய்துவிட்டு எப்படி முழிக்கிறது பாருங்கள்" என்று நாம் சிரிக்கும் அந்தப் பார்வை. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவுணர்ச்சி முகத்துக்கும் தொடர்பே இல்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே வேலையிலிருந்து திரும்பி, கிழிந்து கிடக்கும் செருப்பைக் காட்டி நாயைத் திட்டுவதால் செருப்பைப் பற்றி அது எதுவும் கற்றுக்கொள்வதில்லை. நீங்கள் கதவைத் திறந்தால் சில நாள் அன்பு வரும், சில நாள் இடி விழும் என்று கற்றுக்கொள்கிறது.

நம்பிக்கையின் அடையாளங்கள் இதைவிட அமைதியானவை. உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுப்பது, நீங்கள் தாண்டிப் போனாலும் எழாமல் தூங்குவது, நீங்கள் அருகில் இருக்கும்போது நிதானமாகச் சாப்பிடுவது, நடக்கும்போது அவ்வப்போது திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பது. கண்ணோடு கண் பார்ப்பதைப் பற்றி ஜப்பானில் ஓர் ஆய்வு நடந்து 2015-இல் வெளியானது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவரின் உடலிலும் ஆக்ஸிடோசின் அளவு கூடியது. தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன். ஆனால் பழகாத நாயை இப்படி உற்றுப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பு. பார்வை நாயிடமிருந்து வரட்டும். நீங்கள் தேடிப் போகாதீர்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்க உளவியலாளர்கள் ஒரு முறையை வைத்திருக்கிறார்கள்: புதிய அறை, ஓர் அந்நியர், தாய் வெளியே போய்த் திரும்பி வருவார். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதே முறையை நாய்களிடமும் வளர்ப்பவர்களிடமும் பயன்படுத்தி 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ப்பவர் இருக்கும்போது நாய்கள் தைரியமாகச் சுற்றித் திரிந்தன. அவர் போனபின் கதவருகே போய் நின்றன. உங்கள் நாயை மொட்டை மாடிக்கோ, உறவினர் வீட்டுக்கோ அழைத்துப் போய், ஓரிடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சற்றுத் தூரம் போய் மோந்துவிட்டு, உங்களிடம் வந்து, மறுபடியும் போனால் நல்லது. காலோடு ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தால் அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. உங்களைக் கண்டுகொள்ளாமல் மூலையில் போய் ஒடுங்கினால் வேலை ஆரம்பத்திலிருந்து இருக்கிறது.

இரண்டாம் படி: முதல் சில நாட்கள் சும்மா இருங்கள்

நாய் வீட்டுக்கு வந்த அன்றே குளிப்பாட்டுவது நம் பழக்கம். அழுக்குத்தான், நாற்றம்தான். இருந்தாலும் இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத வீட்டில், தெரியாத ஆட்கள் நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றினால் உங்கள் கையைப் பற்றி அதற்கு உண்டாகும் முதல் நினைவே அதுவாகிவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

நம் பக்கத்து வீடுகள் சிறியவை. ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டிலும் நாய்க்கென்று ஒரு மூலை ஒதுக்க முடியும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், எங்கேயாவது. பழைய புடவையோ சாக்கோ விரித்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அந்த மூலைக்குள் நாய் இருக்கும்போது யாரும் உள்ளே கையை நீட்டக்கூடாது, இழுக்கக்கூடாது, குழந்தைகள் எட்டிப் பார்த்துச் சீண்டக்கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வாசலில் மாடிப்படிக்கு அடியில் நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள். போவோர் வருவோர் எல்லாரும் நெருங்க, தான் மட்டும் விலகிப் போக முடியாத நாய் சீக்கிரமே சீறக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் விருந்தினர் கூட்டம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் குட்டி வந்த செய்தி பத்து நிமிடத்தில் முனை வரை போய்விடும்.

"குட்டி வந்திருக்கிறதாமே தம்பி, எடுத்து வா, பார்க்கிறேன்" என்பார் எதிர்வீட்டு ஆயா.

"பயந்துபோய் இருக்கிறது ஆயா. நீங்களே வந்து உட்காருங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும்."

இவ்வளவு சொன்னால் போதும். ஆயா வந்து உட்காருவார். பாதிக் கதை பேசி முடிப்பதற்குள் குட்டி அவர் புடவை முந்தானையை மோந்துகொண்டிருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பா "உட்கார்" என்றும் மகன் "சிட்" என்றும் பாட்டி "குந்து" என்றும் சொன்னால் நாய்க்கு மூன்றும் வெறும் ஓசை. சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதிலும் இதே கதை. எதை முடிவு செய்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. முடிவு ஆளுக்கு ஆள் மாறக்கூடாது.

குட்டியாக இருந்தால் ஒரு கால வரம்பு இருக்கிறது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அதற்குள் பார்த்தது, கேட்டது, மோந்தது எல்லாம் பின்னால் சாதாரணமாகிவிடும். சிக்கல் என்னவென்றால், அதே காலத்தில் தடுப்பூசிகள் முடிந்திருக்காது. தெருமண்ணில் பார்வோ கிருமி (குட்டிகளுக்குக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் வைரஸ்) இருக்கலாம். வழி எளிது. தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாசல்படியில் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கொருக்குப்பேட்டையில் இருந்தால் ரயில் சத்தம், காசிமேட்டில் இருந்தால் மீன் கூடையும் ஐஸ் வண்டியும், வியாசர்பாடியில் இருந்தால் பந்து விளையாடும் பிள்ளைகள். தூரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். குட்டி முகத்தை உங்கள் அக்குளுக்குள் புதைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்புங்கள்.

மூன்றாம் படி: சோறும் கையும்

வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. நேரம் தவறாமல், ஒரே இடத்தில் வையுங்கள். அரை மணி நேரம் முன்பின் ஆகலாம். காலையில் வைத்து மறுநாள் மாலையில்தான் வைப்பேன் என்றால் ஆகாது. சாப்பிடும்போது கிண்ணத்தில் கைவிட்டு "என் கையைப் பழக்குகிறேன்" என்பவர்கள் உண்டு. அது எதிர்விளைவைத்தான் தரும். கை வந்தால் சோறு போய்விடும் என்று நாய் புரிந்துகொண்டு, கிண்ணத்தைக் காக்கத் தொடங்கும். தள்ளி நின்று, அது சாப்பிடும்போது ஒரு துண்டு கோழியைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சில நாட்களில் நீங்கள் வருவதைக் கண்டு தலையைத் தூக்கி வாலாட்டும்.

டீக்கடைப் பொறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வடசென்னையில் மனிதருக்கும் தெருநாய்க்கும் நடுவே உள்ள நட்பெல்லாம் அந்தப் பொறையில் ஆரம்பித்ததுதான். பழகுவதற்கு ஒரு துண்டு கொடுக்கலாம், அதையே உணவாக்கிவிடாதீர்கள். பயிற்சிக்கு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரலை விரல் நுனி அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஈடு வேறில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் மிச்சம் மட்டும் வேண்டாம். வெந்த எலும்பு நொறுங்கிக் குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. கருவாட்டில் உப்பு மிக அதிகம்.

தெருவிலிருந்து எடுத்த நாயாக இருந்தால் சோறு மட்டும் போதாது. மேற்கு வங்கத்தில் கொல்கத்தா ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களிடம் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. பழக்கமில்லாத மனிதர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார். சில நாய்களைத் தடவிக் கொடுத்தார். உணவு கிடைத்த நாய்களைவிடத் தடவல் கிடைத்த நாய்கள்தாம் அந்த மனிதரை அதிகமாக நம்பி நெருங்கின. கல்லும் கம்பும் வீசும் அதே மனிதக் கை மெதுவாகத் தொடுவது தெருநாய்க்குப் பெரிய செய்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் படி: மூன்று எண்ணும் வரை தொடுங்கள்

நாயின் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். மேலிருந்து குனியாதீர்கள்; தலைக்கு மேலே கையைக் கொண்டுவராதீர்கள். கையைத் தொடைமேல் வைத்திருங்கள். நாய் வந்து மோக்கும். மோந்துவிட்டுப் போனால் போகட்டும். நின்றால், விரல்களின் பின்பக்கத்தால் மார்பிலோ தாடையின் ஓரத்திலோ மெதுவாகத் தடவுங்கள். மூன்று எண்ணுங்கள். கையை எடுத்துவிடுங்கள்.

கை நின்ற பிறகு வருவதுதான் பதில். சில நாய்கள் மூக்கால் உங்கள் கையைக் கீழிருந்து நெம்பும். சில முன்னங்காலைத் தொடையில் வைக்கும். சில அப்படியே பாரத்தை உங்கள் மேல் சாய்த்துவிடும். இவை எல்லாம் "இன்னும்" என்பதற்கான அடையாளம். தலையைத் திருப்பினால், உதட்டை நக்கினால், உடம்பு கல்லாக இறுகினால் "போதும்" என்று பொருள். போதும் என்றால் நிறுத்தும் ஆளிடம்தான் நாய் மறுபடியும் வரும். அடம்பிடித்துக் கட்டிப்பிடிக்கிறவரிடமிருந்து தப்பிக்க வழி தேடும்.

பின்னர் காது, வாய், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். தொடு, ஈரல் கொடு, விடு. சென்னையில் இது அவசியம். நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆண்டு முழுவதும் உண்ணி தொல்லை தரும். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடக் கூடியது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பார்க்க விடும் நாயிடம்தான் உண்ணியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். நகம் வெட்டுவது கடைசிப் பாடம். அவசரம் வேண்டாம்.

ஐந்தாம் படி: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நல்லதே நடக்க வேண்டும்

பெயரைச் சொன்னதும் நாய் திரும்பினால் ஒரு துண்டு. வந்தால் இரண்டு துண்டு. பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். கூப்பிட்டு வரவழைத்து மருந்து ஊற்றாதீர்கள், குளிக்கவைக்காதீர்கள், அடிக்காதீர்கள். அந்த வேலைகளுக்கு நீங்களே எழுந்து நாயிடம் போங்கள். தெருவில் கயிறு நழுவி, நாய் லாரிச் சாலையை நோக்கி ஓடும் ஒரு நாளில் இந்தப் பெயர் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். ஓடிப்போன நாய் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் அப்போது அறை விழக்கூடாது. விழுந்தால், திரும்பி வந்ததற்குத்தான் அடி என்று அது எடுத்துக்கொள்ளும்.

ஆறாம் படி: தெருவில் நடப்பது

கழுத்துப் பட்டையைவிட மார்போடு சேரும் பட்டை நல்லது. கடையில் பாடி பெல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். பட்டையை வீட்டுக்குள் சில நாள் போட்டுப் பழக்கிய பிறகே வெளியே போங்கள்.

கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது கடற்காற்று வந்து தரை ஆறிய பிறகு கிளம்புங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு எண்ணும் வரை வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. சுடும் தரையில் இழுத்துப் போகும் ஆளை எந்த நாயும் நம்பாது.

ஒவ்வொரு தெருவும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை. காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆன தெருநாய். அதற்காக அது உங்கள் நாயை வரவேற்கும் என்று பொருளில்லை. கூட்டம் எதிரே வந்தால் ஓடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்தியபடியே உங்கள் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவே நீங்கள் வந்து, அரைவட்டமாக வளைந்து, வந்த வழியே திரும்புங்கள். நெருக்கடியில் கயிற்றை இறுக்கி இழுத்தால் உங்கள் பயம் கயிறு வழியே நாய்க்குப் போய்விடும். ஆபத்து வரும்போது இந்த ஆள் குறுக்கே வந்து நிற்பார் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட நாய் அடுத்த முறை குரைப்பதற்கு முன் உங்களைப் பார்க்கும்.

மோக்க விடுங்கள். கம்பத்துக்குக் கம்பம் நிற்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். நடையின் பயனே நாய்க்கு அதுதான். நாள்தோறும் ஒரு சுற்றாவது அது காட்டும் திசையில் நீங்கள் போங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. பொது இடத்தில் கயிறு இல்லாமல் விடக்கூடாது.

ஏழாம் படி: மேளமும் வெடியும்

நாயின் காது மனிதக் காதைவிடப் பலமடங்கு கூர்மை; நமக்குக் கேட்காத உச்ச ஒலிகளும் அதற்குக் கேட்கும். வடசென்னைச் சவ ஊர்வலத்தை அந்தக் காதோடு நினைத்துப் பாருங்கள். மேளம், ஆட்டம், தெருவெங்கும் பூ, முனைக்கு முனை வெடி. ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி வேறு.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த வீட்டில் பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. மேளம் பல தெரு தள்ளி இருக்கும்போதே அதன் காதுகள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த வீட்டு அம்மா அதைக் கண்டதும் அடுப்பை அணைத்து, தெருப்பக்கச் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, உள்ளறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்காருவார். நாய் வந்து அவர் தொடையோடு முதுகை அழுத்திக்கொள்ளும். அவருடைய ஒரு கை அதன் மார்பில் இருக்கும், மறு கை பக்கத்துக் கிண்ணத்தில். வெளியே ஒரு வெடி. உள்ளே ஒரு துண்டு கோழி. மறுபடி வெடி, மறுபடி துண்டு. அவர் பேசுவது வழக்கமான பேச்சுத்தான், "என்னடா, யார் வீட்டிலோ சாவு" என்ற தொனியில். தொடக்கத்தில் அந்த நாய் வாயையே திறக்காதாம். இப்போது வெடி கேட்டதும் அவர் கையைப் பார்க்கிறது.

இதில் பல செய்திகள் இருக்கின்றன. பயந்த நாயை அணைத்தால் பயம் வளரும் என்று சிலர் சொல்வது தவறு. பயம் ஓர் உணர்ச்சி, பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கம் அன்று. வெடிக்குப் பிறகுதான் துண்டு வர வேண்டும்; முன்னால் கொடுத்தால் கோழியைக் கண்டாலே பயம் வரும். நாய் தானாக வந்து ஒட்ட வேண்டும். ஒளிந்துகொள்ள நினைத்தால் ஒளியட்டும். பயத்தில் சாப்பிடவே மறுத்தால் வற்புறுத்தாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை பாருங்கள். கைபேசியில் வெடிச்சத்தத்தை மிக மெல்லிதாக வைத்து, நாய் சாப்பிடும் நேரத்தில் ஓட விடுங்கள். காது விறைக்காத அளவில் சில நாள், பிறகு சற்றே கூட்டி. தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று பட்டாசுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். நம் தெருப் பிள்ளைகளிடம் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. எனவே அந்த வாரம் முழுவதும் விடியும் முன்பே நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள். வாசல் கதவு சாத்தியே இருக்கட்டும். நடுங்கி, மூச்சிரைத்து, சுவரைப் பிறாண்டும் அளவுக்குப் பயம் என்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மருந்து இருக்கிறது. மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: உறுமலை அடக்காதீர்கள்

உறுமினால் அறைய வேண்டும், நாயைக் கவிழ்த்து அமுக்கி "நான்தான் தலைவன்" என்று காட்ட வேண்டும் என்று அறிவுரை சொல்ல எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். இந்தத் தலைவன் கதை, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து பரவியது. அதைப் பின்னாளில் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம் என்று 1999-இல் எழுதித் திருத்திக்கொண்டார். நம் ஊரில் திருத்தம் வந்து சேரவில்லை. கதை மட்டும் வந்துவிட்டது.

உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் நிற்காது. எச்சரிக்கை மட்டும் நின்றுபோய், ஒருநாள் நேராகக் கடி விழும். உறுமினால் நீங்கள் நின்று, பின்வாங்கி, எதனால் உறுமியது என்று யோசியுங்கள். கிண்ணமா, மூலையா, வலிக்கும் காலா, குழந்தை இழுத்த வாலா? ஐந்து வயதுக் குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

கடித்துவிட்டால், சொந்த நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

ஒன்பதாம் படி: மருத்துவமனை

ஊசிக்கு மட்டுமே நாயை ஆட்டோவில் ஏற்றினால், ஆட்டோவைக் கண்டாலே அது நடுங்கும். சும்மா ஒருநாள் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலை வரை போய்வாருங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்குப் பக்கம். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டியிருக்கும். வரிசையில் மற்ற நாய்களிடமிருந்து தள்ளி, சுவரோரமாக நில்லுங்கள். திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையமும் இருக்கிறது. ஊசி போடும்போது நாயின் முகத்துப் பக்கம் நீங்கள் இருங்கள், கையில் ஈரலோடு. பிடித்து அமுக்கும் வேலையை அங்கு இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் நாய்க்குக் கோபம் வந்தாலும் பாதகமில்லை.

எவ்வளவு காலம் ஆகும்?

குட்டி சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். அடிபட்டு வளர்ந்த நாய்க்கு மாதங்கள் ஆகலாம். முதல் வாரத்தில் சாதுவாக இருந்த நாய் மூன்றாம் வாரத்தில் குரைக்கவும் மறுக்கவும் தொடங்கினால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் பயத்தில் அடங்கிக் கிடந்தது, இப்போதுதான் தன் குணத்தைக் காட்டும் துணிச்சல் வந்திருக்கிறது. வீடு மாறினாலும், வெள்ளத்தில் மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தாலும், குடும்பத்தில் ஒருவர் ஊருக்குப் போனாலும் கொஞ்சம் பின்னோக்கிப் போகும். அப்போது இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்; முதல் முறை போல அவ்வளவு நாள் எடுக்காது.

நன்றாகப் பழகியிருந்த நாய் திடீரென்று தொட்டால் உறுமுகிறது, மாடிப்படி ஏற மறுக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை என்றால் அதைப் பயிற்சிக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது. மருத்துவரிடம் கூட்டிப் போய்க் காது, பல், இடுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.